அழித்தாலும் காலியாகாத கணக்கு
கடைக் கம்ப்யூட்டரில் வீணாகக் கிடக்கும் இடத்தை மீட்பது எப்படி?



ஆண்டுக் கணக்கு முடிந்து ஏப்ரல் பிறந்தால் நம்மவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "பில் போடுற கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஆயிடுச்சுங்க. பழைய பில்லையெல்லாம் அழிச்சுப் பார்த்தேன். பைல் இம்மி கூடக் குறையலீங்க" என்பார்கள். ரங்கே கவுடர் வீதியில் லோடு கணக்கில் பருப்பு இறக்கும் மொத்த வியாபாரியும் இதைத்தான் சொல்கிறார். பொள்ளாச்சி, கோபி, காங்கேயம் பகுதிகளில் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் இதையேதான் சொல்கிறார்.

பத்தாண்டுக் கணக்கில் ஐந்தாண்டை அழித்துவிட்டால் பைல் பாதியாகக் குறைய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் கம்ப்யூட்டர் அப்படி வேலை செய்வதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் என்ன ஆகும் என்பதை நான் என் கடையில் அனுபவித்தேன். அதையும் சொல்கிறேன். முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

கிட்டங்கியில் விழும் சந்து

நமக்குத் தெரிந்த கிட்டங்கியையே எடுத்துக்கொள்வோம். ஐந்நூறு மூட்டை பிடிக்கும் கிட்டங்கி நிறைந்திருக்கிறது. இந்த மூலையில் பத்து மூட்டை, அந்த வரிசையில் இருபது மூட்டை என்று ஒரு மாதத்தில் இருநூறு மூட்டை விற்றுப் போகிறது. இப்போது கிட்டங்கி சிறிதாகிவிட்டதா? இல்லை. நான்கு சுவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வாடகையும் அதே வாடகைதான். உள்ளே அங்கங்கே சந்து விழுந்திருக்கிறது, அவ்வளவே.

கம்ப்யூட்டரில் பில் விவரங்களைச் சேர்த்து வைக்கும் 'டேபிள்' என்பதும் இப்படித்தான். ஒரு பில்லில் எட்டுச் சரக்கு இருந்தால் டேபிளில் எட்டு வரி ஏறும். அந்த வரிகளை அழித்தால் அவை இருந்த இடம் சந்தாக நிற்கும். பைலின் சுவர் உள்ளே நகர்ந்து வராது.

நல்ல கிட்டங்கிப் பொறுப்பாளர் எந்த வரிசையில் எத்தனை மூட்டைக்கு இடம் இருக்கிறது என்று குறித்து வைத்திருப்பார். அடுத்த லோடு வந்ததும் அந்தச் சந்துகளில் அடுக்கச் சொல்வார். இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை இதைச் செய்கின்றன. அழித்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பில்லை அங்கே எழுதுகின்றன.

கிட்டங்கியையே சிறிதாக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. இருக்கிற முந்நூறு மூட்டையையும் வெளியே தூக்கி, வேறொரு சிறிய கிட்டங்கியில் நெருக்கமாக அடுக்கிவிட்டு, பழையதை ஒப்படைக்க வேண்டும். அதற்கு இன்னொரு இடம் வேண்டும், சுமை தூக்கும் ஆள் வேண்டும், அன்றைக்கு வியாபாரத்தை நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் இடத்தை மீட்பதற்கும் இதே மூன்றும் வேண்டும்: காலி இடம், நேரம், கடை அடைப்பு.

சிவப்புக் கோடும் நட்சத்திரக் குறியும்

நம் ஊர்க் கடைகளில் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில் பில் புரோகிராம்கள் பெரும்பாலும் டிபேஸ், பாக்ஸ்புரோ ஆகியவற்றில்தான் எழுதப்பட்டன. டிபேஸ் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆஷ்டன்-டேட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த பாக்ஸ்புரோவை 1992-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. அதன் கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது. 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நிறுத்தப்பட்டது. ஆனாலும் "ஓடுகிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும்" என்று இன்றும் அதை விடாமல் வைத்திருக்கும் கடைகள் உண்டு.

இவற்றில் ஒரு வரியை அழித்தால் என்ன நடக்கிறது தெரியுமா? ஒவ்வொரு வரியின் தலையிலும் ஓர் எழுத்துக்கு இடம் விடப்பட்டிருக்கும். சாதாரணமாக அது வெற்றிடம். நாம் அழித்ததும் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும். அவ்வளவுதான். சரக்கின் பெயர், எடை, விலை எல்லாம் அப்படியே இருக்கும். திரையில் காட்டாமல் மறைத்துவிடும். வேண்டுமென்றால் 'ரீகால்' என்ற கட்டளையால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

பழைய கணக்குப்பிள்ளைகள் தப்பான பதிவின் மேல் சிவப்பு மையில் கோடு போடுவார்களே, அதேதான் இது. கோடு போட்டதால் பேரேட்டில் ஒரு பக்கம் கூடக் குறையாது. பக்கத்தைக் கிழிக்கவும் மாட்டார்கள்.

நட்சத்திரம் விழுந்த வரிகளை அடியோடு அகற்றும் கட்டளைக்குப் 'பேக்' என்று பெயர். அழிக்காத வரிகளை மட்டும் இன்னொரு பைலில் வரிசையாகப் படியெடுத்து, முடிந்ததும் பழைய பைலுக்குப் பதிலாக அதை வைத்துவிடும். அதற்குப் பிறகு 'ரீகால்' செய்ய ஒன்றும் இருக்காது. அழித்த இடத்தில் புது வரியை எழுதும் பழக்கம் டிபேஸ் வகைக்கு இல்லை. புது பில் எப்போதும் கடைசியில்தான் போய்ச் சேரும். ஆகவே இந்த வகையில் பேக் செய்யாமல் இடம் திரும்பாது.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'பேக்' வேறு, 'பேக்கப்' வேறு. பேக்கப் என்பது கணக்கைப் பிரதி எடுத்து வைப்பது. பேக் என்பது அழித்ததைத் திரும்ப வராதபடி நீக்குவது. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். போனில் பேசி வேலை வாங்குபவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது.

2012-ல் என் கடையில் நடந்தது

அந்த ஆண்டின் மின்வெட்டைக் கோவை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம் என்ற நிலை. கடையில் இருந்த யு.பி.எஸ். பேட்டரி அரைகுறையாகச் சார்ஜ் ஏறி ஏறியே தேய்ந்து போயிருந்தது.

பில் போடத் தாமதமாகிறது என்று புரோகிராம் பார்த்துக்கொள்ளும் பையனை வரச் சொன்னேன். பார்த்துவிட்டு, "அண்ணா, அழிச்ச ரெக்கார்டு ஏகப்பட்டது கிடக்குதுங்க. பேக் பண்ணிட்டா சரியாயிரும். அஞ்சு நிமிச வேலைங்க" என்றான். சாயந்திரம் கூட்ட நேரம். வரிசையில் ஆள் நிற்கிறார்கள். "சட்டுனு முடிச்சுக் குடு கண்ணு" என்றேன். பேக்கப் எடுத்து நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாதியில் மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். இரண்டு முறை கத்திவிட்டு அடங்கியது. மறுபடி போட்டபோது பற்று வரவு பைல் திறக்கவே இல்லை. சிப்பம் சிப்பமாகக் கடன் வாங்கிப் போன ஓட்டல்காரர்கள், மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் என எல்லாருடைய நாற்பது நாள் பாக்கியும் அதற்குள்தான் இருந்தது.

பில்லின் கார்பன் பிரதிகளை அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பத்து ராத்திரி திரும்ப ஏற்றினோம். பிரதி கிடைக்காத இடங்களில் வாடிக்கையாளர்களின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தோம். எங்கள் தெருவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் நோட்டோடு வந்து, "உன்ற மிசினு மறந்தா என்ன கண்ணு, நான் மறக்கலை" என்று சொல்லிப் பாக்கியை எண்ணி வைத்தார். எல்லாரும் அப்படி வரவில்லை. வராதவர்களைக் கேட்க என்னிடம் ஆதாரமும் இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு என்னுடையது. பிரதி எடுக்க வேண்டியவனும் நான்தான்.

எவ்வளவு சேர்கிறது?

இடத்தை மீட்க வேண்டுமா என்று முடிவு செய்யும் முன் எவ்வளவு இடம் நிறைகிறது என்று கணக்குப் போட வேண்டும். ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 300 பில், பில்லுக்கு 8 சரக்கு என்றால் 2,400 வரி. ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 7,20,000 வரி. ஒரு வரிக்கு 200 எழுத்து என்றால் சுமார் 144 எம்.பி. தேடுவதற்கு உதவும் 'இண்டெக்ஸ்' பட்டியலுக்கும் அதே அளவு இடம் போகும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 288 எம்.பி.

இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு இது கொசு மாதிரி. ஆனால் சில டேட்டாபேஸ்களுக்கு அவற்றுக்கே உரிய உச்சவரம்பு உண்டு. எம்.எஸ். அக்சஸில் மொத்த பைலுக்கு 2 ஜி.பி.தான் எல்லை. மேலே சொன்ன கடை ஏழாம் ஆண்டின் முடிவில் அந்த எல்லையில் போய் முட்டும். பாக்ஸ்புரோவில் ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனியே 2 ஜி.பி. எல்லை. மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸில் 2008 பதிப்பு வரை 4 ஜி.பி. எல்லை இருந்தது. 2010-ல் வந்த 2008 ஆர்-2 முதல் 10 ஜி.பி. ஆயிற்று. 2025 பதிப்பில் 50 ஜி.பி.யாக உயர்த்தியிருக்கிறார்கள். நான்கு கவுண்டர் வைத்து நாளைக்கு 1,200 பில் போடும் சூப்பர் மார்க்கெட் ஆண்டுக்கு 1,152 எம்.பி. சேர்க்கும். ஒன்பதாம் ஆண்டில் 10 ஜி.பி. தாண்டிவிடும். எல்லையைத் தொட்டால் அடுத்த பில் ஏறாது. பண்டிகைக் கூட்டத்தில் அப்படி நடந்தால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே தங்கள் புரோகிராம் எந்த டேட்டாபேஸில் ஓடுகிறது, இப்போது எத்தனை ஜி.பி., எல்லை எவ்வளவு என்ற மூன்றையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

பெட்டிக்குப் பெட்டி சாவி வேறு

அக்சஸ்: இதில் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்று ஒரு வசதி உண்டு. எல்லாவற்றையும் புது பைலில் நெருக்கமாக எழுதித் தரும். வேறு யாரும் அந்த பைலைத் திறந்திருக்கக் கூடாது.

எஸ்.க்யூ.எல். சர்வர்: இதில் கணக்குப் பைலைவிட அதன் பக்கத்தில் இருக்கும் 'லாக்' பைல்தான் பல கடைகளில் வீங்கி நிற்கிறது. லாக் என்பது நம் சிட்டை போல. நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் அங்கே ஏறும். 'புல் ரெக்கவரி' என்ற அமைப்பில் வைத்திருந்தால், லாக்குக்குத் தனியாகப் பேக்கப் எடுக்கும்வரை பழைய குறிப்பை அது விடாது. யாரும் எடுக்காத கடையில் இரண்டு ஜி.பி. கணக்குக்கு இருபது ஜி.பி. சிட்டை கூடச் சேர்ந்துவிடும். இதற்கு மருந்து லாக்குக்கு ஒழுங்காகப் பேக்கப் எடுப்பது, அல்லது கடையின் தேவைக்கு ஏற்ப 'சிம்பிள்' அமைப்புக்கு மாற்றுவது. லாக் பைலைக் கையால் அழிக்கவே கூடாது. கணக்கே திறக்காமல் போய்விடும்.

மை எஸ்.க்யூ.எல்.: அழித்த இடத்தில் புது வரிகளை எழுதிக்கொள்ளும். பைல் குறைய வேண்டுமானால் 'ஆப்டிமைஸ் டேபிள்' என்ற கட்டளை டேபிளையே புதிதாகக் கட்டித் தரும். 2013-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் தனிப் பைல் என்பதே வழக்கமான அமைப்பு. அதற்கு முந்தைய அமைப்பில் எல்லாம் ஒரே பெரிய பைலில் கிடக்கும். அதை எளிதில் சுருக்க முடியாது.

போஸ்ட்கிரஸ்: இதில் அழித்தால் மட்டுமல்ல, திருத்தினாலும் பழைய வரி உள்ளேயே நிற்கும். நாலாயிரம் சரக்குக்கு விலை மாற்றினால் நாலாயிரம் பழைய வரிகள் மீந்துவிடும். 'வேக்கம்' என்ற துப்புரவு வேலை அந்த இடத்தை மறுபடி பயன்படும்படி குறித்து வைக்கும். 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இது தானாகவே நடக்கிறது. 'வேக்கம் புல்' என்பது வேறு. அது டேபிளையே புதிதாக எழுதிப் பைலைச் சுருக்கும். அது முடியும்வரை அந்த டேபிளை யாரும் தொட முடியாது, பில்லும் போட முடியாது.

டேலி: பெங்களூரில் 1986-ல் பிறந்தது. மில்களுக்குச் சரக்கு அனுப்பிவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வணிகர், தம் கணக்குக்குத் தோதாக ஒன்று வேண்டும் என்று மகன் பரத் கோயங்காவிடம் கேட்டதிலிருந்து வளர்ந்தது. இதில் பழைய ஆண்டுகளை வேறாகப் பிரிக்க 'ஸ்பிளிட்' வசதி இருக்கிறது. பாக்கிகள் முன்பாக்கியாகப் புது ஆண்டுக்கு வந்துவிடும். பிரிப்பதற்கு முன் பேக்கப் கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: புதிதாக எழுதும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும். ஆகவே டேபிள் எவ்வளவு பெரியதோ கிட்டத்தட்ட அவ்வளவு காலி இடம் டிஸ்க்கில் இருக்க வேண்டும். டிஸ்க் நிறைந்து போன பிறகு இடத்தை மீட்கக் கிளம்புவது, இரண்டாவது கிட்டங்கி இல்லாமல் மூட்டையை மாற்றக் கிளம்புவது போல.

சுருக்கினால் லாபமா?

எப்போதும் இல்லை. மூன்றாண்டுக் கணக்கைப் பிரதி எடுத்துத் தனியே வைத்துவிட்டு உள்ளே அழித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கடையில் உள்ளே சுமார் 864 எம்.பி. சந்து விழும். சந்தைத் தானாகப் பயன்படுத்திக்கொள்ளும் டேட்டாபேஸாக இருந்தால் அடுத்த மூன்றாண்டு பில்கள் அதற்குள்ளேயே அடங்கும். பைல் குறையவில்லையே என்று வருந்த வேண்டாம். வளராமல் நிற்கிறதே, அதுவே மீட்புத்தான். இன்று சுருக்கி நாளை மறுபடி வளரவிட்டால் இரட்டை வேலை.

எஸ்.க்யூ.எல். சர்வரில் 'ஷ்ரிங்க்' செய்வதில் இன்னொரு கெடுதல் உண்டு. அது பைலின் கடைசியில் இருக்கும் பக்கங்களைத் தூக்கி முன்னால் உள்ள சந்துகளில் திணிக்கும். கடைசி வரிசைத் துவரம்பருப்பை சோப்புப் பெட்டிக்கு நடுவிலும் மிளகாய்ச் சிப்பத்துக்கு அடியிலும் சொருகினால் எப்படி இருக்கும்? கிட்டங்கி சிறிதாகும், சரக்குத் தேட நேரமாகும். அதைச் சரி செய்ய இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினால் பைல் மறுபடி பெருக்கும். ஆகவே தானாகச் சுருக்கும் 'ஆட்டோ ஷ்ரிங்க்' அமைப்பை நிறுத்தி வைப்பதே நல்லது.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு எப்போதும் பைலின் அளவு காரணமல்ல. இண்டெக்ஸ் பழுதாகியிருக்கலாம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் ஓய்ந்து போயிருக்கலாம். காரணம் தெரியாமல் கணக்கில் கை வைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 31.12.2024. ஆகவே 31.12.2030 வரை அந்தக் கணக்கு இருந்தாக வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது இறுதியாக முடிந்து ஓராண்டு வரையிலோ மேற்சொன்ன காலம் வரையிலோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

விதி 56(8) இன்னும் நேராகப் பேசுகிறது. கணக்கில் எழுதியதை அழிக்கவோ அதன் மேல் திருத்தி எழுதவோ கூடாது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால், திருத்திய, அழித்த ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு இருக்க வேண்டும். விதி 57 கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருக்கச் சொல்கிறது. விபத்து நேர்ந்தாலும் நியாயமான காலத்துக்குள் கணக்கை மீட்க முடிய வேண்டும்.

இப்போது 'பேக்' கட்டளையை நினைத்துப் பாருங்கள். நட்சத்திரம் விழுந்த வரிதான் "இங்கே ஒன்று அழிக்கப்பட்டது" என்பதற்கு இருக்கும் ஒரே தடயம் என்றால், பேக் செய்ததும் அந்தத் தடயமும் போய்விடும். பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. 1,204-க்கு அடுத்து 1,206 வந்தால் 1,205 எங்கே என்று அதிகாரி கேட்பார். "இடம் அடைக்குதுன்னு எடுத்துட்டேங்க" என்பது பதிலாகாது. ஆகவே ரத்தான பில்லை அழிக்காமல் 'ரத்து' என்று குறித்து அப்படியே வைப்பதே முறை. கம்பெனியாகப் பதிவு செய்திருப்பவர்களுக்கு எட்டு நிதியாண்டுக் கணக்கு வேண்டும். 1.4.2023 முதல் திருத்தங்களைத் தானே பதிந்து வைக்கும், அந்தப் பதிவை நிறுத்தவும் முடியாத மென்பொருளும் வேண்டும். எந்த ஆண்டை நீக்கலாம் என்பதை ஆடிட்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பெரிய இடத்துப் பாடம்

கோடிக்கணக்கான வரிகள் உள்ள பெரிய நிறுவனங்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒரே கட்டளையில் கோடி வரியை அழித்தால் லாக் வீங்கும், மற்ற வேலைகள் காத்துக் கிடக்கும். அதனால் சில ஆயிரம் வரிகளாகப் பிரித்துப் பிரித்து அழிப்பார்கள். அதைவிட நல்ல வழி, முதலிலேயே மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஓர் அறை என்று டேபிளைப் பிரித்து வைப்பது. காலம் கடந்த அறையைப் பிரதி எடுத்துவிட்டு மொத்தமாக நீக்கிவிடலாம். ஒவ்வொரு மூட்டையாகத் தூக்க வேண்டாம், சந்தும் விழாது.

இது நமக்குப் புதிதல்ல. நம் பெரியவர்கள் ஆண்டு பிறந்ததும் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுப் பேரேடு தொடங்கினார்கள். வர வேண்டிய பாக்கியை மட்டும் முன்பாக்கியாக முதல் வரியில் எழுதினார்கள். பழைய பேரேட்டைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். கேள்வி வந்தால் இறக்கிக் காட்டினார்கள். எதையும் அழிக்கவில்லை. ஆனாலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பேரேடு எப்போதும் மெலிதாகவே இருந்தது.

செய்ய வேண்டியவை

1. தினமும் கடை சாத்தும் முன் பேக்கப் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

2. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைச் சரிபாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

3. ஏப்ரல் மாதம் ஆண்டுக் கணக்கைப் பிரித்து முன்பாக்கியோடு புதிதாகத் தொடங்குங்கள். பழையதை உரிய காலம்வரை பத்திரப்படுத்துங்கள்.

4. பேக், காம்பாக்ட், ஷ்ரிங்க், ஆப்டிமைஸ் போன்ற வேலைகளைக் கடை விடுமுறை நாளில் மட்டும் செய்யுங்கள். எல்லாக் கவுண்டரும் மூடியிருக்க வேண்டும்.

5. அதற்கு முன் டேபிள் அளவுக்குக் காலி இடமும், தாங்கும் பேட்டரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. வேலைக்கு முன்னும் பின்னும் மொத்தப் பாக்கி, மொத்த இருப்பு, கடைசி பில் எண் மூன்றையும் தாளில் குறியுங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது.

7. யார் வந்து வேலை பார்த்தாலும் என்ன செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். "அஞ்சு நிமிச வேலைங்க" என்று சொன்னால் பேக்கப் எடுக்க இன்னொரு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கிட்டங்கியில் ஒரு மூட்டை தொலைந்தால் அடுத்த லோடில் வாங்கிக்கொள்ளலாம். பாக்கிக் கணக்கு தொலைந்தால் எந்த மண்டியிலும் வாங்க முடியாது. காலி இடத்தை மீட்பது நல்ல காரியம்தான். அதற்கு முன் கணக்கின் பிரதி ஒன்று பத்திரமாக வீட்டில் இருக்கட்டும்.